ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி

ஒன்றரைப் போத்தல் மண்ணெண்ணெய்தான் மிச்சம். அதில் ஜெனரேற்றர் முக்கால் மணித்தியாலம் ஓடினால் பெரிய காரியம். அதற்குள் இடம்பெயர்ந்தவர்களை முகாம்வாரியாகப் பிரித்த பட்டியலைக் கொம்பியூட்டரிலிருந்து நான் எடுத்தாக வேண்டும். யாருக்கு இன்சுலின் என்பதும் அதில்தான் இருக்கிறது. எங்கள் நிவாரணச் சங்கத்து மருந்தாளர் அடைக்கலநாதன் ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"முடியுமே தம்பி? ஐஸ் கரையுது."

"அரை மணித்தியாலம் பொறுங்கோ அண்ணை."

முந்தின நாள் ஊற்றிய மண்ணெண்ணெய் தீர்ந்து இதே வேலை பாதியில் நின்றுபோனது. குற்றம், பதிவுகளைத் தேடச் சொல்லிக் கொம்பியூட்டருக்கு நான் எழுதிய எஸ்.கியூ.எல் கேள்வியில்தான். ஓர் ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தேன். யார் எங்கே தங்கியிருக்கிறார் என்று சனங்கள் எழுதித் தந்த பன்னிரண்டாயிரம் பதிவுத் துண்டுகளையும் அது முதலிலிருந்து தேடும். வீட்டில் ஏழு பேர் என்றால் ஏழு தடவையும் தேடி, அதே பதிலையே கொண்டுவரும். விசர் வேலை. குடும்ப அட்டைக்கு ஒரு தடவை, தலைவருக்கு மட்டும் தேடி, அந்தப் பதிலையே மற்றவர்களுக்கும் போடும்படி மாற்றினேன். ஓர் அட்டையில் இருப்பவர்கள் ஓர் உலைச் சோறு சாப்பிடுபவர்கள். எங்கள் ஊரில் யாருக்கு இதில் சந்தேகம் வரும்?

பத்தொன்பது நிமிடத்தில் முடிந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடைக்கலநாதன் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

நான்காம் நாள் காலை மகாதேவி என்றொரு அம்மா வந்தார். கணவர் இல்லை; குடும்ப அட்டை அந்த அம்மாவின் பெயரில். சண்டிலிப்பாயிலிருந்து ஓடிவந்து சாவகச்சேரிப் பள்ளிக்கூடமொன்றில் இருப்பவர். அங்கே நெரிசலில் காய்ச்சல் தொற்றும் என்று, இன்சுலின் போடும் பதினான்கு வயது மகளை மட்டும் நீர்வேலியில் தங்கை வீட்டில் விட்டிருந்தார்.

"பிள்ளை நீர்வேலியில எண்டு தனித் துண்டு எழுதித் தந்தனான், தம்பி. அவளின்ரை மருந்து என்னட்டை வந்தது."

அந்தத் துண்டும் பதிவில் இருந்தது. என் கேள்வி தாயின் துண்டோடு நின்றுவிட்டது.

"பஸ் இல்லை. கையில கொண்டு நடந்தனான். வழியில ஷெல். விடியுமட்டும் கைதடியில கிடந்தனான்." அவர் குரல் உயரவேயில்லை. "அவளுக்குக் கடைசியா ஊசி போட்டு மூண்டு நாளாம். நான் போகேக்கை எல்லாம் முடிஞ்சுது. ஆர் தம்பி உந்தப் பட்டியல் போட்டது?"

நான்தான் என்று சொல்ல வேண்டும். மேசையில் கிடந்த துண்டுகளை அடுக்கத் தொடங்கினேன். நான் அவ்வளவு கோழை.

"சரி, விடுங்கோ. மருந்து பழுதாகேல்லை எண்டு நேர்ஸ் சொன்னவ. ஆருக்கும் குடுங்கோ."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, மூடி திறக்காத அந்தச் சின்னப் போத்தலை என் கையில் வைத்தார். அவருடைய உடம்புச் சூடு அதில் இருந்தது.