கோயில் மாடு

பூங்குழலி ஆட்களை மூன்றாகத்தான் பிரித்திருந்தாள். நல்ல சீட்டு வரும்வரை சுவரோடு ஒட்டிக் கிடப்பவன் பல்லி. தோற்கப்போவது தெரிந்தும் கடைசிச் சீட்டுவரை விடாமல் கூட வருபவன் அட்டை. எந்தச் சீட்டு வந்தாலும் வாயை வைப்பவன் கோயில் மாடு.

ஆன்லைன் போக்கர் மேஜையில் எதிரே யார் உட்கார்ந்தாலும், நூறு ஆட்டத்தில் எத்தனையில் இறங்குகிறான், எத்தனையில் பந்தயத்தை ஏற்றுகிறான், யாராவது திருப்பி ஏற்றினால் எத்தனை முறை பயந்து சீட்டைக் கீழே போடுகிறான் என்று அவள் லேப்டாப் காட்டிவிடும். புள்ளியியல் படித்தவளுக்கு அது போதும்; மூன்றில் எவன் என்று அந்தப் பெயருக்கு நேரே எழுதி வைத்துக்கொள்வாள். முகம் பார்க்கத் தேவையில்லை. பார்க்கும்படியான முகம் எதுவும் அங்கே இருக்காது என்பது அவள் தீர்மானம். தனக்கு அவள் வைத்துக்கொண்ட பெயர் 'முனுசாமி65'. யாரோ கிழவன் என்று நினைத்து இளசுகள் தாமாக வந்து விழுந்தார்கள்.

அப்படி விழுந்தவர்களில் ஒருவன் 'செஞ்சி சிங்கம்'. அவள் கொழுந்தன் அரிகிருஷ்ணன்தான். கூடத்துச் சோபாவில் படுத்தபடி போனில் ஆடுவான். அண்ணி உள்ளறையில் ஏதோ சென்னைக் கம்பெனிக்குக் கணக்கு எழுதுவதாக நினைத்திருந்தான். நூற்றுக்கு அறுபது ஆட்டத்தில் இறங்குவான். திருப்பி ஏற்றினால் உடனே ஓடிவிடுவான். அவன் விடும் காசு எப்படியும் எவனிடமாவது போகும், வீட்டிலேயே தங்கட்டும் என்று அவள் பல வாரமாக அவன் மேஜையிலேயே உட்கார்ந்தாள்.

சாப்பிடும்போது அவன் பாடம் நடத்துவான்.

"எதிராளி மூஞ்சியப் படிக்கணும் அண்ணி. அது ஒரு கலை. உங்களுக்குப் புரியாது."

"போன்லயா?"

"போன்லயும்தான்."

அவள் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

பெரிய மேஜைகளில் ஆட அவனுக்கு முதல் வேண்டியிருந்தது. அனந்தபுரத்துக் குடும்ப நிலத்தில் தன் பங்கை விற்க, அண்ணன் தங்கராஜிடம் கையெழுத்து கேட்டான். தங்கராஜ் பேனாவைத் தேடினான்.

"போடாதீங்க" என்றாள் பூங்குழலி.

"அவன் தெரியாமலா பேசறான்? நீ இதுல தலையிடாத."

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு முடிந்ததும் அவள் லேப்டாப்பைக் கூடத்துக்கு எடுத்து வந்தாள்.

"தம்பி, முனுசாமி65னு ஒருத்தர் உங்க மேஜைல வர்றாரே, யாரு அவரு?"

"அவனா? டெல்லி ஆளு. இன்னாவோ புரொபசராம். ஏமாத்தறான்."

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். பெயரைப் படித்தவன் சிரித்தான். பிறகு சிரிப்பதை நிறுத்தினான்.

"வாங்க, நம்ம ரெண்டு பேர் மட்டும் ஆடலாம்" என்றவள், திரையைக் கணவன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சீட்டு விழுந்தது. "இப்ப ஏத்துவாரு" என்றாள் தங்கராஜிடம். ஏற்றினான். "நான் திருப்பி ஏத்தறேன். போட்டுட்டுப் போயிடுவாரு." போட்டான். அடுத்த ஆட்டமும் அப்படியே. அதற்கடுத்ததில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"ரோஷத்துல நிக்கிறாரு. கையில ஒண்ணுமில்ல."

அவன் சீட்டு விரிந்தது. ஒன்பதும் மூன்றும்.

"லக்கு" என்றான் அரிகிருஷ்ணன். திரையின் ஓரத்தில் ஏதோ குறிப்பு தெரிய, "என் பேருக்கு நேரா இன்னா எழுதி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான்.

காட்டினாள். படித்துவிட்டு எழுந்தான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

தங்கராஜ் கையெழுத்துப் போடாத பத்திரத்தை மடித்துப் பிரிட்ஜ் மேல் வைத்தான். பிறகு, "எனக்கு இன்னா பேரு வெச்சிருக்க?" என்றான்.

"உங்களுக்கா? நீங்க இன்னும் ஒரு ஆட்டத்துல கூட இறங்கலயே. கணக்கு போட ஒண்ணும் இல்ல."

அதை அவன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். முகம் மலர்ந்து, டீ போடச் சொன்னான். அவள் போடவில்லை.

அரிகிருஷ்ணன் திண்டிவனத்தில் ஒரு நண்பனின் அறைக்குப் போய்விட்டான். நிலம் விற்கவில்லை. சில வாரங்களில் அவள் மேஜைக்கு 'அமைதிப்புயல்' என்றொரு புதுப்பெயர் வந்தது. எந்தச் சீட்டுக்கும் இறங்கியது. திருப்பி ஏற்றினால் ஓடியது. அரைமணி நேரம் பார்த்துவிட்டு, அந்தப் பெயருக்கு நேரே பழைய இரண்டு சொற்களையே எழுதினாள். பிறகு பந்தயத்தை ஏற்றினாள்.