மூலப்படியில் இல்லாதவள்

அகராதிக்காரிக்கு அன்று வாய்த்த ஆங்கிலச் சொல் 'அன்கேனி'. ஒரு சொல்லைக் கையில் எடுத்தால் அதன் பூர்வீகத்தைத் தோண்டாமல் அவளுக்குச் சோறு இறங்காது. 'கேனி' என்றால் அறிந்தது, நம்பத் தகுந்தது. முன்னால் 'அன்' ஒட்டிக்கொண்டதும் நம்பிக் கிட்டே போகக் கூடாதது ஆகிவிட்டது. ஜெர்மன்காரர்கள் இதே பயத்துக்கு வைத்திருக்கும் சொல்லுக்குள் 'வீடு' ஒளிந்திருக்கிறது. வீடு போல் இல்லாதது என்று பிரிக்கலாம். முன்பின் தெரியாதது வந்தால் வெறும் பயம். நன்றாகத் தெரிந்ததே கொஞ்சம் பிசகி வந்து நின்றால்தான் அன்கேனி. எல்லாவற்றையும் அட்டையில் எழுதிவிட்டாள். எடுத்துக்காட்டு வாக்கியம் மட்டும் பாக்கி.

அதை எழுதக் கை வரவில்லை. அது கூடத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கணவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். ஒரு கண் மூலப்படியில், ஒரு கண் அச்சுத்தாளில் என்று இருபது வருஷம். ஒரு கால்புள்ளி கூட அவரிடமிருந்து தப்பாது. வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, போன மாதம்தான் வீடு திரும்பினார். வந்த அன்றே கல்யாணப் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு அவளை வரிவரியாகப் பார்த்தார்.

"மச்சம் இருக்கு, தெத்துப்பல்லு இருக்கு. ரொம்ப நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா நீங்க அவ இல்ல."

அதுவரை அவளை 'நீ' என்றே அழைத்தவர், 'நீங்க' என்றார். பிறகு சமையலறைக் கத்திகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அவர் படுக்கையறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு தூங்கினார்.

"கண்ணுக்கு முகம் தெரியுது, பாசம்தான் கூட வரல. குரல் மூளைக்கு வேற வழியா போகும். போன்ல பேசிப் பாருங்கம்மா," என்றார் டாக்டர்.

அது பலித்தது. தினமும் மத்தியானம் அவர் கூடத்திலிருந்து அவள் எண்ணுக்குக் கூப்பிடுவார். அவள் மொட்டைமாடிக்கு ஓடிப்போய் எடுப்பாள். பழைய கிண்டல், பழைய 'ஏய் கழுதை' எல்லாம் அப்படியே வரும். அந்தப் பத்து நிமிஷம்தான் அவளுக்கு மிச்சமிருந்த புருஷன்.

அன்றும் கூப்பிட்டார். கிண்டல் எதுவும் இல்லை.

"எப்ப வருவ? உன்னை மாதிரியே ஒருத்தி இங்க குடியிருக்கா. உன் சேலையையே கட்டிக்கிறா. எனக்குப் பயமா இருக்குடி."

அவளால் தாங்க முடியவில்லை. சொல்லையும் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவருக்கும் விளங்கும் என்பது அவள் தொழில் புத்தி. இந்தக் குரலும் இந்த முகமும் ஒன்றாகப் போய் நின்றால் விளங்காதா? போனைக் காதிலிருந்து எடுக்காமலே படியிறங்கினாள்.

"வந்துட்டேங்க. இதோ, பக்கத்துல வந்துட்டேன். திரும்பிப் பாருங்க."

திரும்பினார். முகம் மலர்ந்தது. அவளைக் கண்டதும் அந்த மலர்ச்சி அப்படியே உறைந்தது. அவள் வாயைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார். இரண்டையும் நிதானமாக ஒத்துப்பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சுவரோடு சுவராக ஒண்டினார்.

"அவ போன் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?" அவருக்கு அழுகை முட்டியது. "இத்தனை நாளா எங்கிட்ட பேசினது நீங்கதானா? அப்போ என் பொண்டாட்டிய என்ன பண்ணீங்க?"