குலுங்கும் வீடு

சனிக்கிழமை அருங்காட்சியகம் போவது எங்கள் வழக்கம். ஆக்லாந்துக்கு வந்ததிலிருந்து நான், கணவன் சியோசி, நான்கு வயது மகள் விகா, கூடவே ஒரு டப்பா அவித்த மரவள்ளிக்கிழங்கு. இந்த வாரம் நாத்தனாரும் வந்தார். கலோலைன், சியோசியின் அக்கா. டோங்காவிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருக்கிறார்.

காரிலேயே கேட்டுவிட்டார். "புள்ளைய ஒரு வருஷம் என்கூட ஊருக்கு அனுப்பு சியோசி. எப்படி வளக்குறேன்னு பாரு."

"உங்க புள்ளைதானக்கா," என்றான் அவன். அப்பாவின் அக்கா கேட்டால் மறுக்கிற பழக்கம் டோங்காக்காரர்களான எங்களிடம் கிடையாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உள்ளே விகா என் கையை ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. பெரிய படகின் முன்னால் அத்தை கை. திமிங்கல எலும்பின் முன்னால் அத்தை இடுப்பு. கழிப்பறைக்கும் அத்தைதான். அதற்குக்கூடவா பொறாமைப்படுவது என்று யோசித்தேன். பட்டேன்.

எரிமலை வெடித்தால் வீடு எப்படி ஆடும் என்று காட்டும் இருட்டறை ஒன்று அங்கே உண்டு. "போய்ப் பாப்போமா அண்ணி?" என்று நான்தான் கேட்டேன். பயந்தால் குழந்தை அம்மாவிடம்தானே தாவும்? சியோசி வாசலிலேயே நின்றுகொண்டான். எங்கள் ஊர் வழக்கப்படி, அக்கா இருக்கும் இருட்டறையில் தம்பி உட்காரமாட்டான்; அது மரியாதை.

விளக்கு அணைந்தது. தரை ஆடியது. விகா அத்தை மடியிலிருந்து துள்ளி எழுந்தாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

"அப்பா!"

அத்தையைத் தள்ளினாள், என்னையும் உதைத்தாள். "அப்பாதான் வேணும்!" வாசலில் சியோசி "விகா, விகா" என்று தவித்தான். உள்ளே கால் வைக்கவில்லை. கடைசியில் கலோலைன் எழுந்து வெளியே போனார். அப்புறம்தான் அவன் ஓடி வந்தான். அவன் தூக்கியதும் அழுகை நின்றது. நானும் வெளியே வந்துவிட்டேன்.

நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்.

"காலையிலேருந்து முதுகொடியச் சுமந்தது நானு. அவன் வாசல்ல சும்மா நின்னான்!"

"பெத்தது நானு, அண்ணி."

"நம்ம ரெண்டு பேருக்கும் நல்லா வேணும்." ஒரு துண்டை என்னிடம் நீட்டினார். "அங்க வந்து ராத்திரில அப்பான்னு கத்துனா நான் யாரைக் கூப்பிடுவேன்? இங்கயே இருக்கட்டும். அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

கேட்க நினைத்ததே கிடைத்துவிட்டது. ஆனாலும் கிழங்கை டப்பாவிலேயே திருப்பி வைத்தேன்.

விகா அப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்தாள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம். அவள் காலிலிருந்து ஒற்றைச் செருப்பு நழுவி என் கையில் விழுந்தது.

"போட்டு விடும்மா," என்றாள், அப்பாவின் முடியை விடாமல்.