கல்லீரலுக்குப் பன்னிரண்டு வாரம்

எடை குறைக்கப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் அறிவித்ததை நான் எட்டு முறை கேட்டிருக்கிறேன். ஒரு முறை பதினொரு நாள் தாக்குப்பிடித்தார். அதுதான் சாதனை. மற்ற ஏழும் ஒரு வாரத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. பேக்கரியில் கேக் மாஸ்டர். காலை ஐந்து மணிக்குப் போய் நின்றால் மதியம் இரண்டு வரை வெண்ணெயும் சர்க்கரையும் சாக்லேட்டும்தான். கிரீம் பதமாக அடிபட்டிருக்கிறதா என்று விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்ப்பது வேலையிலேயே சேர்ந்தது. அப்படிப் பார்த்துப் பார்த்தே நூற்று நான்கு கிலோ ஆனவர்.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முப்பது பிள்ளைகளை ஒற்றைப் பார்வையில் உட்கார வைத்துவிடுவார். தம்பியைச் சின்ன வயதிலிருந்தே பூசணி என்றுதான் அழைப்பார். எங்கள் கல்யாணத்தன்றும் முந்நூறு பேர் முன்னால் அப்படித்தான் அழைத்தார்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். அடுத்தவர் கண்ணை அருகில் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒருநாள் அண்ணி புது ஃபிரேம் போட்டுப் பார்க்க வந்தார். காதுப் பக்கம் சரிசெய்யக் குனிந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். விழியின் வெள்ளை, வெள்ளையாக இல்லை. மஞ்சள் பூத்திருந்தது.

“அண்ணி, உடம்புக்கு எதுவும் பண்ணுதா?”

“என்னத்தப் பண்ணுது? எப்பப் பாரு தூக்கம்தான். சிக்னல்ல நின்னாக்கூடக் கண்ணு சொக்குது.”

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரு வாரம் பரிசோதனை. கல்லீரல் பெரும்பகுதி கெட்டுப் போயிருந்தது. ஒரு துளி மது தொட்டதில்லை அவர். உடம்பே உடம்பைத் தின்னும் நோய் என்றார்கள். யாராவது தங்கள் கல்லீரலில் ஒரு பங்கைக் கொடுத்தால் பிழைப்பார். அவர் கணவருக்கு ரத்த வகை பொருந்தவில்லை. மகளுக்குப் பதினாறு வயதுதான். பொருந்தியது தம்பிக்கு மட்டும்.

“என்னுது எடுத்துக்குங்க டாக்டர். எப்ப வரணும்?” என்று இவர் உடனே எழுந்து நின்றார், ஏதோ பஸ் வந்துவிட்டதைப் போல.

டாக்டரம்மா அவரை உட்காரச் சொல்லி, ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். இவருடைய கல்லீரல் மாவு தூவியது போல வெளேரென்று இருந்தது.

“இந்த வெள்ளையெல்லாம் கொழுப்பு. முப்பது சதவீதத்துக்கு மேல இருக்கு. இத வெட்டி வச்சா உங்க அக்காவுக்கும் உதவாது, உங்களுக்கும் ஆபத்து.”

இவர் திரையையும் தன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பன்னிரண்டு கிலோ குறைங்க. உங்க அக்காவ மருந்துல மூணு மாசம் தாங்க வைக்க முயற்சி பண்றேன். பன்னிரண்டு வாரம்.”

“அதுக்கு மாத்திரை, ஊசி ஏதாவது...?”

“ஒண்ணும் கிடையாது. வாயும் காலும்தான்.”

அன்று மாலையே சமையலறை அலமாரியைக் காலி செய்தோம். சர்க்கரை டப்பா பக்கத்து வீட்டுக்குப் போனது. காலையில் இரண்டு வெள்ளைக்கரு, மதியம் ஒரு தட்டு காய்கறியும் வேகவைத்த பயறும், மாலையில் வெள்ளரிக்காய், ஏழு மணிக்குள் கீரையோடு ஒரு சின்னக் கிண்ணம். நடை ஒரு மணி நேரம். பேக்கரியில் ருசி பார்க்கும் பொறுப்பை உதவி மாஸ்டரான பெண்ணிடம் ஒப்படைத்தார். “நீ நாக்கு, நான் கை” என்றாராம்.

நான்கு வாரத்தில் ஆறு கிலோ குறைந்தது. பயம்தான் குறைத்தது. கண்ணை மூடினால் அக்கா முகம் வருகிறது, கை தானாக மடங்கிக்கொள்கிறது என்றார்.

ஆனால் பயமும் பழகிப் போகும் என்பதை அப்போதுதான் கண்டேன். ஐந்தாவது வாரம் எடைக்கருவி தொண்ணூற்றெட்டிலேயே நின்றது. இவர் இறங்கி, மறுபடி ஏறினார். கருவியை ஜன்னலோரம் நகர்த்தி வைத்து ஏறினார். தொண்ணூற்றெட்டுதான். ஆறாவது வாரமும் அதேதான். பட்டினி கிடப்பது ஒரு கஷ்டம். கிடந்தும் பலனில்லை என்பது வேறொரு கஷ்டம். முதல் கஷ்டத்தில் எரிந்து விழுவார். இரண்டாவதில் பேச்சே இல்லை.

அந்த வாரக் கடைசியில் மூன்றடுக்குக் கேக் ஒன்றுக்கு ஆர்டர். ஓரங்களைச் சீராக வெட்டியதில் ஒரு தட்டு நிறையத் துண்டுகள் மிஞ்சின. பேக்கரியில் எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம். நின்ற வாக்கில் தட்டைக் காலி செய்துவிட்டார்.

மூன்று மணிக்கு என் கடை வாசலில் வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததும் அண்ணிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்தேன்.

“நான் தின்னுட்டேன்” என்றார். “ஒரு தட்டு. அக்கா உயிரு போற நேரத்துலகூட என் வாய் அடங்கலையே. நான் என்ன மனுஷன்?”

அனுமதி கேட்டுக்கொண்டு அவரோடு கிளம்பினேன். அண்ணி வீட்டுக்குத்தான் போக வேண்டும், நேரில் சொல்ல வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அண்ணி கூடத்துக் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். வயிறு வீங்கி, கை குச்சியாகியிருந்தது. இவர் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அண்ணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன கேக்கு?” என்றார் அண்ணி.

“என்னக்கா?”

“என்ன கேக்குடா தின்ன? சொல்லு. எனக்கு ரெண்டு மாசமா எத வாயில வச்சாலும் இரும்பு நக்குற மாதிரி இருக்கு. நீயாவது தின்னியே. எப்படி இருந்துச்சுன்னு சொல்லு.”

இவர் என்னைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்தார். மேலே ஆரஞ்சுத் தோல் துருவிப் போட்டது. நடுவில் பாதாம் மாவு. ஓரம் லேசாக மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. தொழில்காரர் அல்லவா, சொல்லச் சொல்ல எனக்கே நாக்கு ஊறியது.

“சரி, ரெண்டாவது துண்டு?”

“அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மொத துண்டு அளவு இல்ல.”

“மூணாவது?”

இவர் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார்.

“மூணாவது...” என்றார். “ஞாபகம் இல்லக்கா. அதுக்கப்புறம் ருசியே ஞாபகம் இல்ல. கைதான் போச்சு, வாய் மென்னுச்சு. நான் அங்கயே இல்ல.”

“அடப் பூசணி!” அண்ணி சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, நான் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. “மிச்சத்தையெல்லாம் வீணாத்தான் தின்னிருக்க. கொலைகாரன் மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு வராத. நாளைக்கு நடந்து வா. என்ன தின்னேன்னு சொல்லு. வெறும் கீரையா இருந்தாலும் எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும்.”

அதிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் நான்கு கிலோமீட்டர் நடந்து அண்ணி வீட்டுக்குப் போனார். வியர்வை வடிய உட்கார்ந்து, அன்றைய தட்டை ஒப்பிப்பார். சொல்ல வேண்டுமே என்பதற்காகக் கவனித்துத் தின்ன ஆரம்பித்தார். வெள்ளரிக்காயின் அடிப்பக்கம் கசக்கும், நடுவில் தண்ணீர் இனிக்கும் என்று சொன்னார். வேகவைத்த கேரட்டுக்கும் பச்சைக் கேரட்டுக்கும் இனிப்பில் என்ன வித்தியாசம் என்று கால் மணி நேரம் பேசினார். பத்தொன்பது வருஷமாக நான் பரிமாறியதை மளமளவென்று உள்ளே தள்ளிய மனிதர், ஒரு தக்காளியை நான்காக வெட்டி ஒவ்வொன்றாகத் தின்பதைக் கதவோரம் நின்று பார்த்தேன். கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவள் போல எனக்குக் கூசியது.

தவறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்பதாவது வாரம் ஒருநாள் இரண்டு பிஸ்கட். அதையும் போய்ச் சொன்னார். “ரெண்டோட நின்னுச்சா? பரவாயில்லையே” என்றார் அண்ணி. மறுநாள் மறுபடி கீரை. முன்பெல்லாம் ஒரு நாள் தவறினால் அத்தோடு மூட்டை கட்டிவிடுவார். இப்போது தவறிய நாளுக்கு மறுநாளும் நடந்தார். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

பன்னிரண்டாவது வாரம் தொண்ணூற்றொன்றரை கிலோவில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் படம் பழைய வெள்ளை. இரண்டாவது படம் கறுத்து, அமைதியாக, ஒரே சீராக இருந்தது. வேறு யாருடையதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

“ரெண்டும் இவருதுதான். இப்ப அஞ்சு சதவீதம்கூட இல்ல” என்றார் டாக்டரம்மா. “எத்தனையோ பேருக்குப் பார்த்துட்டேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆச்சரியமாத்தான் இருக்கு. நான் ஒரு மருந்தும் குடுக்கல பாருங்க.”

நான் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடைக்கருவி நகராமல் நின்ற அந்த இரண்டு வாரமும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வேண்டாம் என்று தள்ளிய ஒவ்வொரு துண்டும், ஏறி இறங்கிய ஒவ்வொரு மேட்டுத் தெருவும், யார் கண்ணுக்கும் படாத ஓரிடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. இவர் திரைக்கு அருகில் போய் விரல் நுனியால் படத்தைத் தொட்டார். “இது எனக்குள்ளயா இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

அறுவை சிகிச்சை பதினொரு மணி நேரம். அண்ணனும் நானும், அதாவது அண்ணியின் கணவரும் நானும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இவருடைய கல்லீரலில் பாதிக்கும் மேல் எடுத்து அண்ணிக்கு வைத்தார்கள். வைத்துக் குழாய்களை இணைத்ததும், வெளிறிக் கிடந்த அந்தத் துண்டு ரத்தம் பாய்ந்து சிவந்ததாம். வெளியே வந்த டாக்டரம்மா இதைச் சொல்லும்போது முகமூடியைக் கழற்றவே மறந்திருந்தார்.

முதல் பத்து நாள் பட்ட பாட்டை எழுதப் போவதில்லை. வலி, காய்ச்சல், ஒருமுறை அண்ணிக்கு மூச்சுத் திணறல். எல்லாம் தாண்டின. பன்னிரண்டாம் நாள் அண்ணி நர்ஸைக் கூப்பிட்டு, “பசிக்குதும்மா” என்றார். அதைக் கேட்டு அண்ணன் வராந்தாவில் போய் அழுதார்.

இரண்டு மாதம் கழித்து இருவருக்கும் ஒரே நாளில் ஸ்கேன். வெட்டி எடுத்த இடத்தில் இவருக்கு வளர்ந்திருந்தது. கொண்டுபோய் வைத்த இடத்தில் அண்ணிக்கும் வளர்ந்திருந்தது. ஒன்று இரண்டாகி, இரண்டும் ஏறக்குறைய முழுசாகிவிட்டன. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவும் தம்பியும் அறிக்கைகளை மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்குத்தான்டா வேகமா வளந்திருக்கு. பாரு, எம்பத்தொம்பது சதவீதம்.”

“அது என்னோட சரக்குக்கா. வளராம என்ன பண்ணும்?”

“உன் சரக்கா? சோறு போட்டு வளக்குறது நானு.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சண்டை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இப்படி ஒன்று நடக்க முடிகிற உலகத்திலா இத்தனை வருஷம் ஃபிரேம் துடைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஒரு வருஷமாகிறது. இவர் தொண்ணூற்று மூன்று. அண்ணி மறுபடி வேன் எடுக்கிறார். நேற்று என் கடை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்து, எட்டிப் பார்த்த என்னிடம் வேன் கண்ணாடியை இறக்கி, “சாயங்காலம் பூசணிய வீட்டுக்கு வரச் சொல்லு. மாம்பழம் வாங்கி வச்சிருக்கேன், ஆளுக்கு ஒரு கீத்துதான்” என்றார். பின்னால் முப்பது பிள்ளைகளும் ஜன்னல் வழியே எனக்குக் கையசைத்தார்கள்.