முஸ்பிறாவுக்குப் போட்ட கதிரை

“நீயும் என்னோட கட்டாருக்கு வாறியா, புள்ள?”

“வந்து? இந்த ஊட்ட ஆரு பாக்கிற? உங்கட மாமனாரா?”

“சும்மா கேட்டன்.”

“சும்மா கேக்கிற ஆளப் பாரு! வாப்பா வெயில்ல நிண்டு கட்டின ஊடு. பெயின்ட் வாசம் இன்னும் போகல்ல. அதப் பூட்டிட்டு வரட்டாம். ஊரு சிரிக்கும்.”

“சரி, சரி. ஊரச் சிரிக்க வைக்க வேணாம்.”

பதினொரு வருடத்துக்கு முன்னால், கலியாணம் முடித்த முதல் மாதத்தில், பகல் சோற்றுக்கு உட்கார்ந்த நேரத்தில் நிப்றாஸ் கேட்டதும் முஸ்பிறா சொன்னதும் இவ்வளவுதான். சிரித்துக்கொண்டே அவனுடைய பீங்கானில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள் அவள். அவனும் சிரித்தான். அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

கல்முனைக்குடியில் பெண் தன் வீட்டை விட்டுப் போவதில்லை. பெண்ணுக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே கூட்டி வருவார்கள். வந்தவருக்கு அந்த வீட்டில் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இதுதான் வேண்டும் என்று அவர் வாய் திறந்து கேட்க மாட்டார். வைத்ததைச் சாப்பிடுவார். உப்புக் கூடினாலும் நல்லாயிருக்கு என்பார். ஒன்றைக் கேட்டு, இல்லை என்று வந்துவிட்டால் இரண்டாம் தரம் கேட்பது அவருக்கு அழகில்லை. நிப்றாஸ் அப்படிப்பட்ட நல்ல மாப்பிள்ளை. முஸ்பிறாவுக்கு வந்த வினையே அதுதான்.

அன்றைக்குச் சிரித்தது எப்போது நெஞ்சுக்குள் கனக்கத் தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது. பிள்ளை ஒன்று இருந்திருந்தால் கனத்திருக்காதோ என்னவோ. தங்கச்சிக்கு வீடு கட்டி முடிந்ததும் வாப்பாவும் உம்மாவும் வழக்கப்படி அவளோடு போய்விட்டார்கள். மாடி வீட்டில் முஸ்பிறா மட்டும் மிஞ்சினாள். பிறந்தநாள் கேக் ஓடர் எடுத்துச் செய்தாள். ஊரிலுள்ள பிள்ளைகளின் பெயரெல்லாம் அவள் கையால் கேக்கில் எழுதப்பட்டு வாசல் படலையைத் தாண்டிப் போயின. பொழுதுபட்டால் மேல்மாடி விளக்குகளையும் போட்டுவிடுவாள், றோட்டால் போகிறவர்கள் வீடு நிறைய ஆட்கள் என்று நினைக்கட்டும் என்று.

கட்டாரிலிருந்து நிப்றாஸ் போன் எடுப்பான்.

“சாப்பிட்டியா?”

“ஓம். நீங்க?”

“ஓம்.”

சாப்பிட்டிருக்க மாட்டாள். இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும், ‘என்னையும் கூப்பிடுங்க’ என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருப்பாள். அதற்குள் அவன் அங்கத்தைய வெக்கையைப் பற்றிச் சொல்வான், இவள் இங்கத்தைய மழையைப் பற்றிச் சொல்வாள், போன் வைபட்டுவிடும்.

இந்த வருடம் சித்திரையில் அவன் திரும்பி வந்தான். வந்தும் வீட்டில் இல்லை. டோஹாவில் ஜப்பான்காரர் ஒருவரிடம் சுஷி செய்யப் பழகியிருந்தவனை, அறுகம்பேயில் கடலோரமாகப் புதிதாகக் கட்டிய ஹோட்டல் ஒன்று பிடித்துக்கொண்டது. சீசன் முடியும்வரை அங்கேயே தங்கல். அறைக்கு ஆறு ஆம்பிளைகள். எப்போதாவது ஒரு நாள் பஸ் ஏறிக் கல்முனைக்கு வருவான். வந்தவன் தூங்கி எழும்புவதற்குள் போகிற நேரமாகிவிடும்.

போன கிழமை போனில் சொன்னான்:

“டோஹாவில பழைய இடத்துக்குத் திரும்பக் கூப்பிடுறாங்க புள்ள. இந்த முறை பெரிய செஃப். குடும்பத்தோட இரிக்க ஊடும் தாறாங்களாம்.”

முஸ்பிறா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“நமக்கு அது என்னத்துக்கு? எனக்கு ஒரு றூம் போதும் எண்டு சொல்லப் போறன். வியாழக்கிழமை காலையில பதில் குடுக்கணும்.”

“ஓம்,” என்றாள் அவள். சொன்ன வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாளே இன்னொரு செய்தி வந்தது. சீசன் முடிகிறதாம். வேலைக்காரர்கள் தங்கள் வீட்டு ஆள் ஒருவரை ஹோட்டலுக்குக் கூப்பிட்டு அங்கத்தைய சுஷி விருந்தைச் சாப்பிட வைக்கலாமாம். ஒரேயொரு கதிரை, புதன்கிழமை பின்னேரம். “வாறியா?” என்று அவன் கேட்டதுதான் தாமதம், “வாறன்” என்றாள். புதன்கிழமை நேரில் கேட்டுவிடலாம். வியாழன் காலைக்கு முந்திவிடலாம்.

அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று பஸ் ஓடிய நீளத்துக்கும் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பொத்துவிலில் நிப்றாஸின் மாமி வீட்டில் இறங்கி, மஃரிப் தொழுதுவிட்டு ஓட்டோவில் ஹோட்டலுக்குப் போனாள். அவன் வாசலிலேயே நின்றான். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை. வேறு யாரோ போல இருந்தான்.

“இஞ்சாருங்க, உங்களோட ஒரு கதை...”

“பொறகு கதைப்பம். ஆக்கள் வந்துட்டாங்க.” பின்னால் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “உள்ளுக்க நீ ஆரெண்டு காட்டிக்க வேணாம், என்ன? மனேஜர் சொல்லி வச்சிரிக்கார். காசு குடுத்து வாறவங்களுக்குப் பக்கத்தில குசினிக்காரன்ட பொண்டாட்டி இரிக்கிறது சரிவராதாம்.”

“அப்ப நான் ஆரு?”

“விருந்தாளி.” அவன் சிரிக்கப் பார்த்தான். “முடிஞ்சதும் ஓட்டோவில மாமி ஊட்ட போய்ப் படு. எனக்குக் கழுவித் துடைச்சி முடிய சாமம் ஆகிரும். காலையில அந்த டோஹாக் கதைய முடிச்சிட்டு உனக்கு எடுக்கன்.”

அதோடு உள்ளே போய்விட்டான். பஸ்ஸில் சேர்த்துக் கொண்டுவந்த சொற்களோடு முஸ்பிறாவும் அவன் பின்னால் போனாள்.

உள்ளே மேசைகள் இல்லை. ஒரே மரத்தில் அறுத்த நீளப் பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் நிப்றாஸ், இந்தப் பக்கம் வரிசையாகக் கதிரைகள். அலை விளையாட வந்த வெள்ளைக்காரப் பொடியன்மார் இரண்டு பேர், போனை விட்டுக் கண்ணெடுக்காத கொழும்பு முதலாளி ஒருவர், கடைசியில் முஸ்பிறா. அவளுக்குப் பக்கத்தில் கட்டைக் கூந்தலும் சிவப்புப் பொட்டுமாக ஒரு பெண். உட்கார்ந்த கையோடு அவளே பேச்சைத் தொடங்கினாள். பெயர் தர்சிகா, சொந்த ஊர் காரைதீவு, இருப்பது கனடா.

“தனியவா வந்தீங்க, தங்கச்சி?”

“ஓம்,” என்றாள் முஸ்பிறா. அது பொய்யாகவும் படவில்லை.

நிப்றாஸ் எல்லாருக்கும் பொதுவாகப் பேசினான். முதலில் இங்கிலீசில், பிறகு தமிழில். “இஞ்ச மெனு இல்ல. ஒமக்காசே எண்டு சொல்லுவாங்க. என்ன சாப்பிடுறண்டு நீங்க கேக்கத் தேவையில்ல. இண்டைக்கு வந்த மீனப் பாத்து நானே ஒவ்வொண்டா வைப்பன். சோத்துக்கும் சோஸுக்கும் மதுசாரம் ஒண்டும் சேக்கிறல்ல, தைரியமாச் சாப்பிடலாம்.”

“கேக்க ஏலாதாம்!” தர்சிகா முஸ்பிறாவின் முழங்கையில் இடித்தாள். “எங்கட மாப்பிள்ளைமாரப் போல. வச்சதத் தின்னுட்டு எழும்ப வேண்டியதுதான்.”

முஸ்பிறாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கரித்தது.

அவள் அவன் வேலை செய்வதைக் கண்டதில்லை. ஈரக் கையால் சோற்றைக் கொஞ்சம் எடுத்து, கோழிக்குஞ்சைப் பொத்துவது போலப் பொத்தித் திறந்தான். மீனை மேலே வைத்து ஒரு அழுத்து அழுத்தி, சோஸ் பூசி, ஆளுக்கொன்றாகப் பலகையில் வைத்தான். எல்லாருக்கும் பச்சைப் பாரை. முஸ்பிறாவுக்கு வைக்குமுன் மட்டும் சின்ன அடுப்புத் துப்பாக்கி ஒன்றை எடுத்து மீனுக்கு நெருப்புக் காட்டினான். யாரும் கவனிக்கவில்லை. பச்சை மீன் அவளுக்கு ஆகாது.

“பாரை. கொஞ்சம் நெருப்புக் காட்டியிரிக்கி, மேடம்.”

மேடமாம்! எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அவனுடைய கை இருந்தது. கட்டாரில் இருந்தபோதுகூட அவன் இவ்வளவு தூரத்தில் இருந்ததாக அவளுக்குத் தோன்றியதில்லை. பிஸ்மி சொல்லி வாயில் வைத்தாள். சோறு இளஞ்சூடாக, லேசான புளிப்போடு கரைந்தது. இத்தனை வருடமும் இந்தக் கையால் யார் யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள்.

கணவாய் வந்தது. இறால் வந்தது. பிறகு அறக்குளா மீன். எண்ணெய்ப் பிடிப்பான வயிற்றுத் துண்டு, பார்க்கவே பளபளவென்றிருந்தது. முஸ்பிறா நினைத்துச் செய்யவில்லை, கை தன் பாட்டில் அதை ஓரத்துக்கு ஒதுக்கியது. நல்ல துண்டு வந்தால் அவனுக்கு எடுத்து வைப்பது அவளுடைய பழக்கம். அவன் ஊரில் இல்லாத நாட்களிலும் சட்டியில் ஒரு துண்டு மிஞ்சும். அடுத்த நாள் பூனை சாப்பிடும்.

பரிமாறுகிறவர் ஓடி வந்து குனிந்தார். “மேடம், வச்ச உடனே சாப்பிடணும். சோறு ஆறினாச் சரிவராது.”

“இல்ல... இது ஒராளுக்கு எடுத்து வச்சன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. பலகைக்கு அந்தப் பக்கம் மீன் வெட்டிய கத்தி நின்றது. பிறகு மெல்ல அசைந்தது.

“ஆருக்கு? வீட்டுக்காரருக்கா?” தர்சிகா விழுந்து விழுந்து சிரித்தாள். “முந்தானையில முடிஞ்சு கொண்டு போகப் போறீங்களோ? தின்னுங்க பிள்ள! அவர் அங்க கொத்து ரொட்டி தின்னுட்டு நல்லாக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.”

முஸ்பிறா அதை எடுத்து வாயில் போட்டாள். ஆறித்தான் போயிருந்தது.

தர்சிகாவின் பார்வை இப்போது நிப்றாஸ் பக்கம் திரும்பியது. “தம்பி எந்த ஊர்?”

“கல்முனைக்குடி.”

“அட, பக்கத்தூர்க்காரன்! கலியாணம் முடிச்சாச்சா?”

“ஓம்.”

“மனிசி எங்க?”

அவன் கத்தியைத் துடைத்தான். துடைத்த கத்தியை மறுபடியும் துடைத்தான். “ஊர்ல.”

“ஊரில வச்சிட்டு இஞ்ச என்ன செய்யிறீங்க? கூட்டி வந்தா பின்னேரத்தில கடற்கரை வழிய ரெண்டு பேரும் நடக்கலாமே.”

“அவ ஊட்ட உட்டுட்டு வரமாட்டா. அவட வாப்பா கட்டிக் குடுத்த ஊடு.”

“கேட்டுப் பாத்தீங்களா?”

“ஒருக்காக் கேட்டன்.”

“எப்ப?”

“கலியாணம் முடிச்ச புதுசில. பதினொரு வருசம் இரிக்கும்.”

“ஐயோ கடவுளே!” தர்சிகா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஒருக்காக் கேட்டுட்டுப் பதினொரு வருசம் வாயப் பொத்திக்கொண்டு இருந்த மனிசன நான் இண்டைக்குத்தான் காணுறன்!”

வெள்ளைக்காரப் பொடியன்மாரும் விளங்காமலே சிரித்தார்கள். நிப்றாஸ் சிரிக்கவில்லை. தலையைத் தூக்காமலே சொன்னான்.

“ஊட்டுக்காரி அவ. வந்து இரிக்கிறவன் நான். ரெண்டாந்தரம் கேட்டா, தாய் தகப்பன்ட இருந்து பிரிக்கப் பாக்கிறன் எண்டு ஆகிரும். அவவுக்கு அங்க சந்தோசம். எப்ப எடுத்தாலும் ஓம், ஓம் எண்டுதான் சொல்லுவா. ஒரு குறை சொன்னதில்ல.”

“நீங்க?”

“நான் என்ன? பழகிட்டு.”

முஸ்பிறா தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளும் பழகிவிட்டதாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அவன் அங்கே பழகியதையும் அவள் இங்கே பழகியதையும் ஒரு நாளாவது ஒரே பலகையில் வைத்துப் பார்த்திருக்கிறார்களா? அவன் அவளுக்கு விட்டுக்கொடுத்தான், அவள் அவனுக்கு விட்டுக்கொடுத்தாள். கடைசியில் வீட்டில் இருந்தது மேல்மாடி விளக்கு மட்டும்தான்.

“எனக்கும் அம்மா வீடு தந்தவதான்,” என்றாள் தர்சிகா. “பூட்டிட்டுப் போனன். முதல் வருசம் நினைச்சு நினைச்சு அழுதன். ரெண்டாம் வருசம் திறப்ப எங்க வச்சன் எண்டே மறந்திட்டன். இப்ப வவ்வால் குடியிருக்கு. வாடகையும் தாறதில்ல, காலி பண்ணவும் மாட்டுதாம்.” சட்டென்று முஸ்பிறாவின் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க தங்கச்சி. ஒரு கட்டிடத்துக்காக ஒரு பொம்பிளை கட்டின மனிசன விட்டுட்டு இருப்பாளா?”

முஸ்பிறா பதில் சொல்லுமுன் நிப்றாஸ் கையை நீட்டி எல்லாருக்கும் முன்னால் ஒரு சின்ன மஞ்சள் துண்டை வைத்தான். “முட்டை. இண்டைக்கு இதுதான் கடைசி.”

கொழும்பு முதலாளி போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பரிமாறுகிறவர் முஸ்பிறாவிடம் குனிந்து, “மேடம், உங்கட ஓட்டோ வந்திட்டு” என்றார். கதவடியில் மனேஜர் கைகட்டிச் சிரித்தபடி நின்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் எழும்புவார்கள். அவளும் எழும்பி, நன்றி சொல்லி, மாமி வீட்டுக்குப் போய்ப் படுப்பாள். காலையில் போன் வரும். “ஒரு றூம் எண்டு சொல்லிட்டன் புள்ள” என்பான். “ஓம்” என்பாள்.

“விட்டுட்டு இருப்பா அக்கா,” என்றாள் தர்சிகாவிடம். “வாய் திறந்து கேக்கத் தெரியாட்டி இருப்பா.”

பிறகு குரலைத் தாழ்த்தாமலே பலகைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

“இஞ்சாருங்க.”

தர்சிகாவின் வாயருகே போன முட்டை அங்கேயே நின்றது. அந்த ஊர்ப்பக்கத்துப் பெண் புருசனைத்தான் அப்படிக் கூப்பிடுவாள் என்று அவளுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. மனேஜரின் சிரிப்பு மெல்ல வடிந்தது.

“முஸ்பிறா,” நிப்றாஸின் குரல் கெஞ்சியது. “பொறகு...”

“பொறகு இல்ல. பொறகு, பொறகு எண்டு நானும் எத்தின வருசம்? காலையில நீங்க பதில் சொல்லிருவீங்க.” குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும். “அண்டைக்கு நான் சிரிச்சன்தான். புதுப் பொண்ணு, ஊட்டுப் பெருமையில சிரிச்சன். அத நீங்க தீர்ப்பா எடுத்துக்கிட்டீங்க. அந்த ஊட்டில எனக்கு ஒருத்தரும் இல்லங்க.”

அவன் இரண்டு கைகளையும் பலகையில் ஊன்றி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஒரு றூம் போதும் எண்டு சொல்லாதீங்க. குடும்பத்துக்கு எண்டு தாற ஊட்டக் கேளுங்க. என்னையும் கூட்டிட்டுப் போங்க.”