கெர்பனுக்கு முப்பத்திரண்டு

எங்கள் ஹாலந்து நாட்டை ஜெர்மன்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் டச்சு அரசாங்கம் மட்டும் கப்பலேறித் தப்பி வந்து, லண்டனில் வாடகைக் கட்டடங்களில் உட்கார்ந்து ஆண்டுகொண்டிருந்தது. யாரை என்று கேட்காதீர்கள். எங்கள் சின்ன அமைச்சகத்தில் நாங்கள் தட்டச்சு செய்து தள்ளிய ஆணைகளைப் படிக்கக்கூட ஆள் கிடையாது.

ஆனாலும் ஊர் வழக்கத்தை விடவில்லை. வீட்டில் போலவே கழிப்பறைக் கதவின் உட்புறம் பிறந்தநாள் காலண்டரை மாட்டியிருந்தோம். ஹாலந்தில் மாட்டிக்கொண்ட அம்மா, மனைவி, பிள்ளைகள் பெயரையெல்லாம் அவரவர் அதில் எழுதி வைத்தோம். உள்ளே போனவர் வெளியே வந்ததும், "உங்க அம்மாவுக்குப் பிறந்தநாளாமே, வாழ்த்துகள்" என்று கைகுலுக்குவார். பிறந்தநாள்காரர் எங்கே இருந்தாலும் வாழ்த்து உறவுக்காரருக்கும் உண்டு. எங்கள் ஆட்கள் அப்படித்தான். வாழ்த்து வாங்கியவர் கேக் தர வேண்டும்.

என் பக்கத்து மேசை அலீதாவின் கணவர் கெர்பன். அவரை ஜெர்மன்காரர்கள் பிடித்துப் போனதாக ஏப்ரலில் தகவல் வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. அக்டோபரில் அவர் பிறந்தநாள் வந்தது.

"யாரும் அந்தப் பொண்ணுகிட்ட வாயைத் திறக்காதீங்க," என்று காலையிலேயே தலைமை எழுத்தர் ப்ரவுவர் எச்சரித்தார். "ஆளு இருக்காரோ இல்லையோ. எதுக்குப் போய்க் கிளறணும்?"

எல்லோரும் நல்ல மனிதர்கள். அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். அலீதாவின் மேசையில் ஒரு தகர டப்பா இருந்தது. ரேஷன் வெண்ணெயை அவள் ரொட்டியில் தடவாமல் வாரக்கணக்கில் சேர்த்தது எனக்குத் தெரியும். யாராவது பக்கத்தில் வந்தால் நிமிர்ந்து பார்த்தாள். வந்தவர் மழையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு நழுவினார்.

சாயங்காலம் அமைச்சர் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தார். அமைச்சர்களிடம் யார் எதைச் சொல்கிறார்கள்? ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு நேரே அலீதாவிடம் போனார். பின்னாலிருந்து ப்ரவுவர் வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டியது அவர் கண்ணில் படவில்லை.

"இன்னைக்கு உங்க வீட்டுக்காரருக்குப் பிறந்தநாளாம்மா? வாழ்த்துகள். எத்தனை வயசு?"

"முப்பத்திரண்டு முடியுதுங்க ஐயா." எழுந்து நின்று அவர் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

"சரி, கேக் எங்க?"

டப்பா திறந்தது. வெண்ணெய் மணம் அறை முழுக்கப் பரவியது. நாங்கள் வெட்கத்தோடு வரிசையில் நின்று கைகுலுக்கினோம். ப்ரவுவர் கடைசியாக வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

அலீதா அவருக்குத்தான் பெரிய துண்டாக வெட்டினாள். கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"சாப்பிடுங்க சார். காலையிலேர்ந்து ஒருத்தரும் வாழ்த்தலையா, உங்களுக்கெல்லாம் ஏதோ தகவல் வந்து எங்கிட்ட மட்டும் மறைக்கிறீங்கன்னு நெனச்சுட்டேன்."