இரண்டாவது கணினிக்குப் போன வாக்கியம்

1
இந்தக் கதையின் முதல் வாக்கியத்தை என் மேலாளர் ஏற்கெனவே படித்துவிட்டார். அதனால் வேறொன்றில் தொடங்க வேண்டியிருக்கிறது. மாலை வகுப்புக்கு எழுதுவது இது. என்னை லிகாயா என்று வைத்துக்கொள்கிறேன். வெட்கம் கொஞ்சம் குறைகிறது.

2
பிலிப்பைன்ஸின் செபு நகரில் லிகாயாவுக்கு ஒரே அறை. ஒரு மேசை, ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு. கணினிகள் மட்டும் இரண்டு: ஒன்று வீட்டிலிருந்தே வேலை பார்க்க அலுவலகம் தந்தது, மற்றது கதை எழுத. நடுவில் ஒரு ஸ்விட்ச் பெட்டி. கண்ட்ரோல் விசையை இருமுறை தட்டினால் கணினி மாறும். ஏழு பெட்டிகளை அட்டவணை போட்டு ஒப்பிட்டுத்தான் வாங்கினாள்.*

* அட்டவணையில் விட்டுப்போனது: சந்தேகம் வந்தால் அவள் விரல் கண்ட்ரோலைத் தட்டும். சந்தேகம் வரிக்கு ஒன்று வரும்.

3
லிகாயாவின் மனம் கடலைப்போல— (வேண்டாம்.)

வேலை நேரத்தில், திரையைப் பார்க்காமல், நோட்டைப் பார்த்துக் கதையை அடிக்கத் தொடங்கினாள். முதல் வாக்கியமே கதாநாயகி பேசுவது. நம்பும்படி இருக்குமா? தட், தட். பிறகு அடித்தாள்: "இந்த வேலை இன்னையோட போதும். நான் போறேன்." என்ட்டர்.

நிமிர்ந்தாள். திரையில் அலுவலக சாட், அதில் மேலாளர் எவாஞ்செலினின் பதில்: "நெஜமாவா லிகாயா? வெள்ளிக்கிழமை உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதப் போறேனே."

கதை என்று சொன்னால் வேலை நேரத்தில் எழுதியது தெரிந்துவிடும். கதை இல்லை என்று சொன்னால் வேலையே இல்லை.

4
மதிய இடைவேளை. பதில் போடாமல், பெட்டியை எடுத்துக்கொண்டு ஜீப்னி வேன் பிடித்து அதை வாங்கிய கடைக்கு ஓடினாள். கடைக்காரர் ரோமெல் பெட்டியைச் சோதித்தார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு, மேம். கோளாறு உங்க விரல்ல."

"விரலை மாத்தித் தருவீங்களா?"

"பொத்தான் வச்ச பெட்டி தர்றேன். நீங்க அழுத்தாம மாறாது. மாறும்போது ரெண்டு நொடி திரை இருட்டாகும்."

"அதுக்குள்ள யோசிச்சுக்கலாம்."

"யோசிங்க. தட்டாதீங்க."

5
முடிவு அ: "என் தம்பி விளையாட்டா அடிச்சுட்டான்" என்று சமாளிக்கிறாள். (தம்பியே கிடையாது. கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறாள். (நம்பும்படி இல்லை. தட், தட். எதுவும் மாறவில்லை. புதுப் பெட்டி நல்ல பெட்டி.)

ஆ-வையே அனுப்பினாள்: "அது என் கதையில ஒருத்தி பேசுறது, மேம். வேலை நேரத்துலதான் எழுதினேன்."

எவாஞ்செலினின் பதில் வந்தது:

"வெள்ளிக்கிழமை பத்தி அப்புறம் பேசலாம். அந்தப் பொண்ணு வேலையை விட்டாளா, இல்லியா?"

6
எனக்குத் தெரியவில்லை. விரல் பொத்தான்மேல் இருக்கிறது. ஒன்று, அலுவலகம். இரண்டு, கதை. நீங்களே அழுத்துங்கள், இரண்டு நொடி இருட்டுக்கு மட்டும் பொறுங்கள்.